வி-கழுத்து பிளக்காமல் இருக்க: ஓரத்தில் ஒட்டும் நான்-வோவன் டேப் பற்றி

பெரம்பூரில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: "ரேயான் குர்திக்கு வி-கழுத்து வைத்தால், தைத்த அன்று நன்றாக இருக்கிறது. இரண்டு தடவை துவைத்துப் போட்டதும் கழுத்து முன்பக்கம் தள்ளிக்கொண்டு பிளந்து நிற்கிறது. கடையில் கேட்டால் கான்வாஸ் வையுங்கள் என்கிறார்கள். வைத்தால் அட்டை மாதிரி விறைக்கிறது, வேர்வையில் உறுத்துகிறது என்று வாடிக்கையாளர் திட்டுகிறார். ஜெர்மன் பேட்டர்ன் ஒன்றில் ஓரத்துக்கு நான்-வோவன் டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது என்ன? அவசியமா? இங்கே என்ன வைத்துச் சமாளிக்கலாம்?"

முதலில் நேரடிப் பதில். ரேயான் வி-கழுத்துக்கு அவசியம்தான். ஆனால் நீங்கள் தைக்கிற உருப்படிகளில் பாதிக்கு இது தேவைப்படாது. வெளிநாட்டு டேப் கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, சவுகார்பேட்டையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ஒட்டும் பேப்பர் கான்வாஸை (அதுவும் நான்-வோவன்தான்) நாடாவாக நறுக்கி வைத்தே வேலையை முடிக்கலாம். டேப் வாங்குவதைவிட அதை எந்த அளவுக்கு வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் சொதப்புவதும் அங்கேதான்.

கான்வாஸுக்கும் டேப்புக்கும் வேலை வேறு. காலர், கஃப், பிளவுஸ் கழுத்து ஆகியவை விறைப்பாக, உருவம் கெடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகக் கான்வாஸ் வைக்கிறோம். டேப் விறைப்புத் தருவதற்காக வந்ததே இல்லை. வெட்டியபோது ஓரம் என்ன நீளம் இருந்ததோ அதே நீளத்தில் அதைப் பிடித்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. ஒரு சென்டிமீட்டர் அகலம்கூடப் போதும் என்பதால் துணியின் தொய்வு அப்படியே இருக்கும், கழுத்தில் உறுத்தாது. கத்திரி வெயிலில் ரேயான் குர்திக்குள் நாலு விரல் அகலக் கான்வாஸை வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் போகிறவரை நினைத்துப் பாருங்கள், அவர் திட்டுவதில் நியாயம் உண்டு.

ஓரம் ஏன் நீள்கிறது? நெய்த துணியில் பாவு நூல் நீளவாட்டில் ஓடுகிறது, ஊடை நூல் குறுக்கே ஓடுகிறது. இந்த இரண்டு திசையிலும் இழுத்துப் பாருங்கள், துணி அவ்வளவாக அசையாது, ஏனென்றால் இழுப்பை நூலே தாங்கிக்கொள்கிறது. கிராஸாக, அதாவது மூலைவாட்டில், இழுத்தால் அந்தத் திசையில் தாங்க ஒரு நூலும் இல்லை. சதுரக் கட்டங்கள் சாய்ந்து டைமண்ட் ஆகின்றன, துணி நீள்கிறது. 45 டிகிரியில் இது உச்சம், ஆனால் 20, 25 டிகிரி சாய்வே தொல்லை கொடுக்கப் போதுமானது.

உங்கள் வி-கழுத்தையே கணக்குப் போடுவோம். அரைக் கழுத்து அகலம் 3 இஞ்ச், ஆழம் 7 இஞ்ச் என்று வையுங்கள். தோளிலிருந்து நடு நுனி வரை சாய்வாக அளந்தால் ஏறக்குறைய 7.6 இஞ்ச் வரும். பாவு நூலிலிருந்து அது சுமார் 23 டிகிரி விலகி ஓடுகிறது. வெட்டி, தூக்கி, மடித்து, மிஷினில் தள்ளி, உள்பட்டி வைத்துத் திருப்புவதற்குள் ஒவ்வொரு பக்கமும் கால் இஞ்ச் நீளுவது சர்வ சாதாரணம். துவைத்து மாட்டினால் இன்னொரு கால் இஞ்ச். ஆக இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு இஞ்ச் அதிகத் துணி. உடம்பு மாறவில்லை, தோள் மாறவில்லை, அந்த ஒரு இஞ்ச்சுக்கு ஒதுங்க இடம் இல்லை. அதனால்தான் முன்னால் தள்ளிக்கொண்டு வாய் பிளக்கிறது.

ரேயானில் இது மோசமாவதற்கு இன்னொரு காரணம், நனைந்தால் அந்த நூலின் பலம் பாதிக்குப் பாதி குறைந்துவிடும். தண்ணீர் குடித்து கனத்துப்போன குர்தியை மொட்டை மாடிக் கொடியில் தோளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால், பலம் குறைந்திருக்கிற நேரம் பார்த்து மொத்த எடையும் கழுத்தோரத்தில் இறங்குகிறது. வாடிக்கையாளரிடம் துணியைக் கொடுக்கும்போதே கொடியின் மேல் பாதியாக மடித்துப் போட்டுக் காயவைக்கச் சொல்லுங்கள். அப்புறம், ரேயானை வெட்டும் முன் நனைத்துக் காயவைப்பதைத் தவிர்க்கவே கூடாது, முதல் தண்ணியில் நன்றாகச் சுருங்குகிற துணி அது.

நான்-வோவன் என்றால் நெய்யாதது. இழைகளை நூலாக முறுக்காமல், தறியில் ஏற்றாமல், பஞ்சு மாதிரி விரித்து, சூட்டாலோ பசையாலோ ஒன்றோடொன்று பிடிக்க வைத்திருப்பார்கள். முகக்கவசத் துணி, ஜவுளிக்கடையில் கொடுக்கும் பை எல்லாம் இந்த வகைதான். நெய்யாததால் வெட்டிய ஓரம் பிசிறாது, ஓவர்லாக் தேவையில்லை, மெல்லியதாக வரும். டேப்புக்கு இதை எடுத்ததற்குக் காரணம் இதுதான். டேப்பின் ஒரு பக்கத்தில் புள்ளிப் புள்ளியாகப் பசை இருக்கும், சூடு பட்டதும் உருகித் துணியைப் பிடிக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், காசு மிச்சம் என்று ஜவுளிக்கடைப் பையை வெட்டி இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், 165 டிகிரி பக்கம் வந்தாலே உருகிவிடும். காட்டன் சூட்டில் அயர்ன் பாக்ஸ் பட்டால் துணியோடு ஒட்டி நாசம்.

ஜெர்மன் பேட்டர்னில் இந்த டேப்பை எழுதியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. வைன்ஹைம் என்ற ஊரில் 1849-இல் தோல் பதனிடும் பட்டறையாகத் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் கம்பெனி, தோலுக்கு மாற்றுத் தேடிப்போய் நெய்யாத துணியில் வந்து நின்றது. தையல்காரர்களுக்கான அதன் சரக்கு 'ஃபிளீஸலீன்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போகிறது. அந்தக் குடும்பத்தில் 'ஃபார்ம்பாண்ட்' என்று ஒரு டேப் உண்டு. உங்கள் பேட்டர்ன் கேட்பது அநேகமாக இதைத்தான். நான்-வோவனைக் கிராஸில் நாடாவாக வெட்டி, நீளவாட்டில் ஒரு சங்கிலித் தையல் ஓட்டியிருப்பார்கள். கிராஸில் வெட்டியதால் டேப் வளைவுக்கு வளையும், சங்கிலித் தையல் இருப்பதால் அந்தக் கோடு மட்டும் நீளாது. இரண்டு எதிர்க் குணங்களை ஒரே நாடாவில் கொண்டுவந்திருக்கிறார்கள், கெட்டிக்கார வேலை. டேப்பை வைக்கும்போது அந்தச் சங்கிலித் தையல் உங்கள் தையல் கோட்டை ஒட்டி வர வேண்டும்.

சங்கிலித் தையல் இல்லாத நேர் டேப்பும் விற்கிறார்கள். அது நேர் ஓரத்துக்கு: ஜிப் வைக்கும் இடம், பாக்கெட் வாய், தோள், முன்பட்டி மடிப்பு. வி-கழுத்தில் இரண்டு பக்கமும் நேர்கோடுதான் என்பதால் நேர் டேப்பே போதும். வட்டக் கழுத்து, பானைக் கழுத்து, ஆர்ம்ஹோல் என்றால் வளையும் டேப் வேண்டும். நேர் டேப்பை வளைவில் வலுக்கட்டாயமாக ஒட்டினால் உள்ளோரம் சுருங்கி முடிச்சு முடிச்சாகத் தெரியும்.

இனி முக்கியமான இடம். டேப்பின் நீளத்தை வெட்டிய துணியில் அளக்காதீர்கள். துணி மேசையில் கிடக்கும்போதே கொஞ்சம் நீண்டிருக்கும், அதில் டேப்பை வைத்து அளந்தால் அந்த நீட்டத்தை நீங்களே பசை போட்டு நிரந்தரமாக்குகிறீர்கள். பேப்பர் கட்டிங்கை, அதாவது துணி வெட்ட வைத்த காகித மாதிரியை, எடுங்கள். தோளில் தையலுக்கு விட்டதைக் கழித்துவிட்டு, தையல் கோட்டின் மேல் இஞ்ச் டேப்பை நிறுத்திவைத்து அளவெடுங்கள். காகிதம் நீளாது, அதில் வருவதுதான் சரியான அளவு. டேப்பை அந்த அளவுக்கு வெட்டி, துணியை டேப்புக்கு ஏற்றபடி அமர்த்த வேண்டும். டேப்பைத் துணிக்கு ஏற்றபடி இழுக்கக் கூடாது.

பேப்பர் கட்டிங் இல்லாமல் அளவு பிளவுஸையோ அளவு குர்தியையோ வைத்து நேராகத் துணியில் சாக்பீஸால் வரைகிறவர்கள் நம்மில் அதிகம். பரவாயில்லை. வரைந்தவுடனே, கத்தரி படுவதற்கு முன்பே, கோட்டை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு எடுக்கிற அளவுக்கு மதிப்பில்லை.

சொன்ன அளவிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். 7.6 இஞ்ச் ஓரத்துக்கு அரைக்கால் இஞ்ச் குறைத்து வெட்டினால் கழுத்து மார்பின் மேல் படிந்து உட்காரும். மார்பு எடுப்பானவர்களுக்குக் கால் இஞ்ச் வரை போகலாம், அதற்கு மேல் போனால் சுருக்கம் வெளியே தெரியும். குறைத்ததை ஓரம் முழுக்கப் பரப்ப வேண்டாம். தோளிலிருந்து முதல் இரண்டு இஞ்ச் அளவோடு அளவு ஒட்டுங்கள், நுனிக்கு மேலே ஒரு இஞ்ச்சும் அப்படியே. நடுவில், மார்பின் மேல்சரிவு வருகிற பகுதியில் மட்டும் துணியை மெல்ல உள்ளே தள்ளி அமர்த்துங்கள். கை பழகிய டெய்லர்கள் கிராஸ் பட்டியைச் சற்று இழுத்துப் பிடித்துப் பைப்பிங் வைக்கும்போது இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் விரலில் இருக்கிற அளவு நமக்கு டேப்பில் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஒட்டும் முறைக்கு வருவோம். துணியை வெட்டியதும் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். பேப்பர் கட்டிங்கோடு சேர்த்தே இஸ்திரி மேசைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போடுங்கள், துணியின் உள்பக்கம் மேலே இருக்கட்டும். கழுத்தோரம் ஏற்கெனவே நீண்டுவிட்டதாகத் தெரிந்தால், அடியில் காகிதத்தை வைத்து அதன் கோட்டுக்கு விரலால் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஆவி விட்டால் ரேயான் சொன்னபடி கேட்கும், ஆனால் ஈரம் காயும்வரை பொறுக்க வேண்டும். டேப்பில் பசைப் பக்கம் எது என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மினுமினுப்பாக, விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும். அந்தப் பக்கம் துணியைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் பசை அயர்ன் பாக்ஸில் ஏறிவிடும். அடுத்து தேய்க்கிற வெள்ளைத் துணியில் அது கறுப்பாக இறங்கும்போது வருகிற கோபம் தையல்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

டேப்பின் இடம்: தையல் கோட்டை அது தாண்டி, உடுப்பின் பக்கம் அரைக்கால் இஞ்ச்சாவது வந்திருக்க வேண்டும். மீதி, தையலுக்கு விட்ட துணியில் கிடக்கட்டும். காரணம் எளிது. சாதாரண இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய பசை பத்து இருபது துவைப்பில் ஆங்காங்கே விட்டுப்போகும். தையல் டேப்பைத் துளைத்துக்கொண்டு போயிருந்தால், பசை போனாலும் டேப் வேலை செய்யும். தையலுக்கு வெளியே மட்டும் ஒட்டிய டேப்பும் வீண்தான், தையலுக்கு உள்ளே மட்டும் ஒட்டியதும் வீண்தான்.

சூடு விஷயத்தில் பொறுமை வேண்டும். அயர்ன் பாக்ஸில் ஒரு புள்ளி 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150 வரை, மூன்று புள்ளி 200 வரை. இந்தப் பசைகளில் பெரும்பாலானவை இரண்டு புள்ளியில் உருகிப் பிடிக்கும். பழைய வேட்டித் துண்டு ஒன்றை லேசாக நனைத்துப் பிழிந்து மேலே போட்டு, பெட்டியை வைத்து அழுத்துங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். தூக்குங்கள், பக்கத்தில் வையுங்கள், மறுபடி அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் டேப்புக்குக் கீழே துணி ஓடும், எதைத் தடுக்க வந்தோமோ அதையே செய்தவர்களாவோம். அழுத்தி முடித்ததும் உடனே தூக்கிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். ஆறட்டும். பசை சூட்டில் இன்னும் இளக்கமாகத்தான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். ஆறிய பிறகு ஒரு முனையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள், கிளம்பினால் சூடோ நேரமோ போதவில்லை.

வெட்டித் தள்ளிய அதே துணியில் ஒரு துண்டு எடுத்து முதலில் ஒட்டிப் பார்ப்பது உத்தமம். பாதியில் டேப், பாதியில் வெறும் துணி. ஒரு தடவை துவைத்துக் காயவைத்தால் மூன்று விஷயம் தெரிந்துவிடும்: பசை வெளிப்பக்கம் கசிகிறதா, கொப்புளம் வருகிறதா, டேப் சுருங்கித் துணியை இழுக்கிறதா. சேலைக்கு ஃபால்ஸை நனைக்காமல் வைத்துத் தைத்தால் முதல் துவைப்புக்குப் பிறகு கொசுவத்தின் அடி எப்படிச் சுருட்டிக்கொள்ளும் என்று தெரியுமல்லவா, கழுத்தோரத்திலும் அதே கதைதான் நடக்கும். அதனால் காட்டன் நாடாவையோ லைனிங் துணியையோ டேப்பாகப் பயன்படுத்தினால் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.

வி-கழுத்தின் நுனியில் டேப்பை மடக்கி ஒரே துண்டாகக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு தனித் துண்டுகள் நுனியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். நுனிக்கு இரு பக்கமும் ஒரு இஞ்ச் தூரத்துக்குத் தையலைச் சின்னதாக்கி, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஓட்டுங்கள். நுனியில் ஒரே ஒரு தையல் குறுக்கே போட்டுத் திரும்பினால் திருப்பும்போது கூர்மை நன்றாக வரும். பிறகு கத்தரியால் நுனி வரை, தையலை நூலிழை தூரத்தில் தொட்டும் தொடாமலும், ஒரு வெட்டு. டேப் அடியில் இருப்பதால் அந்த இடம் பிசிறிக் கிழியாது. டேப் இல்லாத வி-நுனிகளில் நாலாவது துவைப்பில் ஓட்டை விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதனால் தீர்கிறது. வட்டக் கழுத்தில் வெட்டுக் கொடுக்கும்போதும் டேப்பை வெட்டலாம், ஆனால் கத்தரி நுனி தையல் கோட்டைத் தாண்டக் கூடாது. சங்கிலித் தையல் டேப் என்றால் அந்தச் சங்கிலியை அறுத்துவிடாதீர்கள்.

லைனிங் வைத்த உடுப்பானால் டேப் மேல்துணியில் போகட்டும். மேல்துணி கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டும் லைனிங்கில்.

கழுத்தைத் தவிர வேறு எங்கே? பனியன் துணியில் தோள் முதல் இடம். முழு உடுப்பின் எடையும் தோள் தையலில் தொங்குகிறது. உங்கள் வீட்டில் இருக்கும் நல்ல டி-ஷர்ட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், தோள் தையலுக்குள் ஒரு நாடாவோ ஒளி ஊடுருவும் எலாஸ்டிக்கோ ஓடும். திருப்பூர் சரக்கில் அந்த எலாஸ்டிக்கை மொபிலான் என்பார்கள். வீட்டில் தைக்கும்போது நேர் நான்-வோவன் டேப்பை ஒவ்வொரு தோளிலும் பின்துண்டில் மட்டும் ஒட்டினால் போதும், முன், பின் இரண்டு துண்டிலும் ஒட்டினால் தடித்துவிடும். பனியன் துணிக் கழுத்தைச் சுற்றி மட்டும் டேப் ஒட்டிவிடாதீர்கள். தலை நுழைய அந்தக் கழுத்து விரிந்தாக வேண்டும். பெரியவர்களுக்குத் தலைச்சுற்று 22, 23 இஞ்ச் இருக்கும். குழந்தைகளுக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை பெரிசு, நீளாத கழுத்தை வைத்தால் போடவும் முடியாது கழற்றவும் முடியாது. பின் கழுத்தில் மட்டும், தோளிலிருந்து தோள் வரை ஒட்டலாம்.

மறைவு ஜிப் அடுத்தது. ரேயானிலும் கிரேப்பிலும் ஜிப் வைத்தால் அலை அலையாக நிற்கிறதே, அது ஜிப்பின் குற்றம் இல்லை. மிஷின் பாதம் துணியைத் தள்ளி நீட்டிவிடுகிறது, ஜிப் நீளாமல் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் அகல நேர்ப் பட்டி ஒட்டிவிட்டு வைத்துப் பாருங்கள். பாக்கெட் வாய்க்கு இரண்டு முனையிலும் அரை இஞ்ச் கூடுதலாக விட்டு ஒட்டுங்கள். குர்தி சைடு ஓபன் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு இஞ்ச் சதுரத் துண்டு ஒட்டினால், பஸ் படியில் ஏறும்போது அங்கே பிய்த்துக்கொள்ளாது. ஒன்றன்மேல் ஒன்று மடிந்து வரும் அங்க்ரகா மாடல் முன்பக்கம், கிராஸில் வெட்டிய அம்ப்ரெல்லா பாவாடையின் இடுப்பு, இவற்றுக்கெல்லாம் டேப் இல்லாமல் இறங்கவே வேண்டாம். அம்ப்ரெல்லா பாவாடையில் இடுப்புக்கு டேப் ஒட்டியதும், கீழ்மடிப்பு தைக்கும் முன் ஒரு நாள் தொங்கவிட்டு, இறங்கிய இடத்தைச் சரிசெய்து வெட்டிவிடுங்கள். கீழோரத்தில் டேப் ஒட்டி அந்த இறக்கத்தைத் தடுக்கப் பார்த்தால் வெற்றி கிடைக்காது.

தேவையில்லாத இடங்களும் உண்டு. துணியின் கரை வருகிற ஓரம், நேர் இழையில் வெட்டிய ஓரம், சுருக்கு வைத்துப் பட்டியில் ஏற்றும் இடம், நல்ல டூ பை டூ பிளவுஸ் துணி, லைனிங்கும் கான்வாஸும் ஏற்கெனவே போட்ட பிளவுஸ் கழுத்து. இங்கெல்லாம் டேப் ஒட்டுவது சோம்பேறித்தனத்துக்கு எதிர்ப்பதமான இன்னொரு வியாதி. இறக்கமான முதுகுக் கழுத்து மட்டும் விதிவிலக்கு. கான்வாஸ் வைக்காமல் பைப்பிங்கோடு முடிக்கிறீர்கள் என்றால், வளையும் டேப்பை அரைக்கால் இஞ்ச் குறைத்து ஒட்டுங்கள், முதுகில் இடைவெளி விடாது.

ஒட்டவே கூடாத துணிகளைச் சொல்லிவிடுகிறேன். ஷிஃபான், மெல்லிய ஜார்ஜெட்டில் பசை வெளியே கசிந்து ஈரக்கறை மாதிரி தெரியும். வெல்வெட்டில் அழுத்தினால் மயிர் படிந்துவிடும், பிறகு எழாது. ஆரி வேலை செய்த பிளவுஸில் கண்ணாடி மணி தாங்கும், பிளாஸ்டிக் மணியும் சம்கியும் சூட்டில் சுருண்டுவிடும். இவற்றுக்கெல்லாம் ஒட்டாத, தைத்துப் பிடிக்கும் நாடாதான். அதற்கு ஆகச் சிறந்தது நம் வீட்டிலேயே இருக்கிறது: லைனிங் துணியின் கரை. ஆர்கன்ஸா கரை இன்னும் மெல்லியது. அரை இஞ்ச் அகலத்துக்கு வெட்டி, காகித அளவுக்கு நறுக்கி, தையல் கோட்டின் மேல் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துவிட்டு மிஷினில் ஏற்றுங்கள். கரை பாவு நூல் திசையிலேயே ஓடுவதால் நீளாது. ஆரி வேலையில் இன்னொரு வசதி, கழுத்தோரமாக நெருக்கமாகச் சங்கிலித் தையல் ஓடுவதால் அந்த ஓரம் ஓரளவு தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஃப்ரேமில் துணி விறைப்பாக இருக்கும்போது போட்ட தையல் அல்லவா. பட்டுத் துணிக்கு டேப் ஒட்டலாம், உள்பக்கத்திலிருந்து, நனைக்காத துணி போட்டு, சூட்டைக் குறைத்து. ஈர ஆவி பட்டால் சில பட்டில் தண்ணீர்த் தடம் விழும்.

ஏற்கெனவே பிளந்துவிட்ட குர்திகளைக் காப்பாற்ற முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். கழுத்து உள்பட்டியைப் பிரியுங்கள், தோள் தையலை ஒரு இஞ்ச் வரை பிரியுங்கள். தையல் கோட்டை ஒட்டிப் பெரிய தையலாக ஒரு வரி ஓட்டி, நூலை மெல்ல இழுத்து, பேப்பர் கட்டிங்கின் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். காகிதத்தின் மேல் பரப்பி, பெட்டியைத் துணியில் படவிடாமல் ஆவி காட்டி, சுருக்கத்தை விரலால் தட்டி அமர்த்துங்கள். காய்ந்ததும் டேப்பை ஒட்டி மறுபடி தையுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச் வரை இப்படி உள்ளே வாங்கலாம். அதற்கு மேல் நீண்டிருந்தால் தோளில் கொஞ்சம் தூக்கித் தைப்பதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, எதை வாங்குவது. பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கம் தையல் சாமான் கடைகளில் "ஒட்டுற பேப்பர் கான்வாஸ், மெல்லிசு" என்று கேளுங்கள், ஃபியூசிங் என்றாலும் எடுத்துத் தருவார்கள். ரோலாக வெட்டிய டேப் சில கடைகளில்தான் இருக்கும், இணையத்தில் கிடைக்கிறது. மீட்டராக வாங்கி நீங்களே நறுக்கினால் கணக்கு இப்படி: 90 சென்டிமீட்டர் அகலத் துணி ஒரு மீட்டர் எடுத்து ஒரு சென்டிமீட்டர் பட்டிகளாக வெட்டினால், சேதாரம் போக 80 மீட்டருக்குக் குறையாது. வருஷக் கணக்கில் வரும்.

நறுக்கும் முன் திசை பாருங்கள். நான்-வோவனுக்கு நூல் திசை இல்லை என்று சொல்வார்கள், முழு உண்மை இல்லை. பெரும்பாலானவற்றில் இழைகள் ஒரு பக்கமாகவே படிந்திருக்கும். நீளவாட்டிலும் அகலவாட்டிலும் ஒரு கையகலத் துண்டை இழுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நீளவில்லையோ அந்தத் திசையில் நேர் டேப்பை வெட்டுங்கள். வளையும் டேப்புக்குக் கிராஸில் வெட்டி, ஒரு விளிம்பிலிருந்து அரைக்கால் இஞ்ச் உள்ளே மிஷினில் ஒரு வரி ஓட்டிவிட்டால் ஜெர்மன் டேப்புக்குத் தம்பி தயார். தையலை ரொம்ப நெருக்கமாக வைக்காதீர்கள், ஊசித் துளைகள் அடுத்தடுத்து விழுந்து தபால்தலை போலப் பிரிந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் சரியாக இருக்கும்.

கருப்புத் துணிக்குக் கருப்பு, வெளிர்த் துணிக்கு வெள்ளை என்று இரண்டும் அரை அரை மீட்டர் வாங்குங்கள். நறுக்கிய பட்டிகளை அட்டையில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, அயர்ன் பாக்ஸ் பக்கமும் வெயில் விழும் ஜன்னல் பக்கமும் வைக்காமல் பீரோவில் வையுங்கள். பழைய ஸ்டாக்கில் பசை உதிர்ந்து பொடியாக விரலில் வரும், அப்படி வந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.